தி தார்ன் பேர்ட்ஸ்: அழவைக்கும் என்று தெரிந்தும் திரும்பப் படிக்கிற நாவல்

கொலீன் மெக்கல்லோ எழுதிய 'தி தார்ன் பேர்ட்ஸ்' எதைப் பற்றியது என்று யாரைக் கேட்டாலும் 'ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரு பெண்ணும் காதலிக்கிற கதை' என்றுதான் சொல்வார்கள். தப்பில்லை, அட்டையைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் ஏறத்தாழ 700 பக்கப் புத்தகத்தில் அந்தப் பாதிரியார் ரால்ஃபும் அந்தப் பெண் மெகியும் ஒன்றாக இருக்கிற நாட்கள் மிகக் கொஞ்சம். மீதிப் பக்கங்கள் எல்லாம் வறட்சி, ஆட்டு மந்தை, கரும்பு வெட்டு, சாவு, சொத்து, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு அம்மாவும் மகளும். இந்த நாவலை இத்தனை பேர் விடாமல் படிப்பதற்குக் காரணம் அந்த அம்மாவும் மகளும்தான் என்பது என் கருத்து. கதை முடிவு வரைக்கும் பேசப்போகிறேன், தெரிய வேண்டாம் என்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

புத்தகம் வந்தது 1977-இல். மெக்கல்லோ அப்போது அமெரிக்காவில் யேல் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், பகலில் ஆய்வகம், இரவில் எழுத்து. பேப்பர்பேக் உரிமை மட்டும் 19 லட்சம் டாலருக்குப் போனது, அந்தக் காலத்தில் அது சாதனை. இதுவரை உலகம் முழுக்க 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. 2003-இல் பிடித்த நாவல் எது என்று பிபிசி நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் 64-ஆவது இடம். பெரிய விமர்சகர்கள் பலர் இதை மசாலா என்று ஒதுக்கியபோதும் வாசகர்கள் கைவிடவில்லை.

கதை 1915 டிசம்பரில் நியூசிலாந்தில் தொடங்குகிறது. மெகிக்கு அன்று நான்காவது பிறந்தநாள், பரிசாக ஒரு பொம்மை. பெயர் ஆக்னஸ். தலைமுடியில் முத்துக் கோத்த, அவள் அதுவரை கையில் தொட்டே பார்க்காத மாதிரி ஒன்று. அண்ணன்கள் ஜாக்கும் ஹ்யூயியும் அது எப்படி அசைகிறது என்று பார்க்கிற ஆவலில் பிடுங்கி, கையைக் காலைத் திருகி, முடியைப் பிய்த்து எறிகிறார்கள். கெட்ட பையன்கள் இல்லை, ஒரு பொம்மை ஒரு சின்னப் பெண்ணுக்கு என்ன என்று தெரியாதவர்கள், அவ்வளவுதான். ஓடிவந்து காப்பாற்றுவது மூத்த அண்ணன் ஃபிராங்க். அம்மா ஃபீக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது, மகளை மடியில் வைத்துத் தேற்ற அவளுக்கு வரவில்லை. அப்புறம் பள்ளிக்கூடம். மெகி இடதுகைப் பழக்கக்காரி, வலதுகையால் எழுத வைக்க சிஸ்டர் அகதா அவள் இடது கையை உடம்போடு சேர்த்துக் கட்டிவிடுகிறார். இந்த முதல் பகுதி மெதுவாகப் போகிறது என்று பாதியில் வைத்துவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து வைத்துவிடாதீர்கள். தனக்கென்று கிடைத்த எதையும் யாராவது வந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்று இந்தப் பெண் நான்கு வயதில் தெரிந்துகொள்வது இங்கேதான், பின்னால் வருகிற எல்லாவற்றையும் தாங்கி நிற்பதும் இந்தப் பக்கங்கள்தான்.

அங்கிருந்து ஆஸ்திரேலியா. நியூ சவுத் வேல்ஸில் ட்ரோகெடா என்கிற ஆட்டுப் பண்ணை, இரண்டரை லட்சம் ஏக்கர். சொந்தக்காரி மேரி கார்சன், மெகியின் அப்பா பேடிக்கு அக்கா, விதவை, கோடீஸ்வரி. அந்த ஊர்ப் பாதிரியார் ரால்ஃப் அழகன், புத்திசாலி, ஒரு ஆயரிடம் வாய்விட்டதால் இந்தப் பொட்டல் காட்டுக்குத் தள்ளப்பட்டவர். மேரி கார்சனுக்கு அவர்மேல் ஆசை. வயதான பெண்ணின் ஆசையை ஆசிரியர் கேலி செய்யவே இல்லை, அதன் வலியையும் விஷத்தையும் சேர்த்தே காட்டுகிறார். அவர் தனக்குக் கிடைக்கமாட்டார், அவர் மனசு அந்தச் சின்னப் பெண்ணிடம் இருக்கிறது என்று புரிந்ததும் அவள் செய்கிற காரியத்தைப் போல ஒரு பழிவாங்கலை நான் வேறு எந்த நாவலிலும் படித்ததில்லை. ஏற்கெனவே சொத்து முழுக்கத் தம்பி பேடிக்கு என்று ஓர் உயில் இருக்கிறது. இப்போது புதிதாக இன்னொன்று எழுதுகிறாள். 1 கோடியே 30 லட்சம் பவுண்டு சொத்தும் திருச்சபைக்கு, நிர்வாகம் ரால்ஃப் கையில். எழுதி, உறையிலிட்டு, அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, அன்றிரவே செத்துப்போகிறாள்.

படித்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அடுப்பில் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேடி குடும்பம் வாழும், மெகி சொத்துக்காரியாவாள். வக்கீலிடம் கொடுத்தாலோ வத்திக்கான் வரைக்கும் கதவு திறக்கும். அவர் கொடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு 400 பக்கத்துக்கும் மேல் அவர் எத்தனை முறை உருகினாலும் எனக்கு அந்த உறைதான் ஞாபகம் வந்தது. இந்தக் காதலுக்கு எதிரி சட்டமோ துறவறமோ மட்டும் கிடையாது, ரால்ஃபுக்குக் கர்தினால் ஆக வேண்டும். அதை மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் இந்தக் கதையை நான் நம்புகிறேன்.

ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ரால்ஃப் மெகியை முதலில் பார்க்கும்போது அவளுக்கு ஒன்பது வயது, அவருக்கு 28. அந்தப் பாசம் மெல்ல மெல்ல வேறாக மாறுவதை இன்று படிக்கும்போது நெருடுகிறது, நெருட வேண்டும்தான். அதே சமயம் அந்த உறவு எதனால் வேர்விட்டது என்பதற்கு ஆசிரியர் வைத்திருக்கிற இடம் மிகவும் உண்மையானது. மெகி பெரியவளாகும்போது ரத்தத்தைப் பார்த்து ஏதோ கட்டி வந்திருக்கிறது, சாகப்போகிறோம் என்று நினைத்து மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாள். வீடு நிறைய ஆண்கள். அம்மா ஒரு வார்த்தை சொல்லி வைத்ததில்லை. கடைசியில் அவளை உட்காரவைத்து, சங்கடப்பட்டுக்கொண்டே, பயப்படாதே, எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்று விளக்குவது பாதிரியார். அம்மா சொல்லியிருக்க வேண்டியதை இவர் சொல்கிறார். நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசாமலேயே வளர்ந்த எத்தனையோ பெண்களுக்கு அந்தப் பக்கம் சுருக்கென்று தைக்கும்.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காக மழை இல்லாமல் காய்ந்து வெடித்த மண், ஈ மொய்க்கிற முகங்கள், சாம்பலும் இளஞ்சிவப்புமாகக் கூட்டம் கூட்டமாகப் பறக்கிற கலா கிளிகள். பிறகு மழை இல்லாத ஒரு மின்னல் புயல். தனியாகக் குதிரையில் போன பேடி தீயில் மாட்டிக்கொள்கிறார். தேடிப்போய் உடலைக் கண்டுபிடிக்கிற மகன் ஸ்டூவர்ட்டைக் காட்டுப்பன்றி கொன்றுவிடுகிறது. அதற்கு அப்புறம் மழை கொட்டுகிறது. ஒரே நாளில் கணவனையும் மகனையும் இழந்த ஃபீ, இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்த மனிதனைத் தான் நேசித்திருக்கிறோம் என்று அப்போதுதான் உணர்கிறாள். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு உடனே அடுத்ததைத் தொடங்க என்னால் முடியவில்லை.

லூக் ஓ'நீல் பகுதியை வேகமாகவே தாண்டலாம். ஆள் பார்க்க ரால்ஃப் சாயல், அதனால் மெகி கட்டிக்கொள்கிறாள், அவன் அவளைக் குவீன்ஸ்லாந்தில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டுவிட்டு, அந்தச் சம்பளத்தையும் தானே வாங்கிக்கொண்டு, கரும்பு வெட்டப் போய்விடுகிறான். மகள் ஜஸ்டீன் பிறக்கிறாள். உடம்பும் மனசும் ஓய்ந்துபோன மெகியை முதலாளி வீட்டார் மேட்லாக் தீவுக்கு ஓய்வுக்கு அனுப்ப, அங்கே தேடி வருகிறார் ரால்ஃப். அந்தச் சில நாட்கள்தான் இவர்களுக்குக் கிடைத்த வாழ்க்கை. கருவில் ரால்ஃபின் பிள்ளை. அதை அவரிடம் சொல்லாமல், பிள்ளைக்குத் தன் பெயரைக் கொடுக்கப் போகிற லூக்கிடம் ஒருமுறை போய் இருந்துவிட்டு, அவனையும் உதறிவிட்டு, அவள் ட்ரோகெடாவுக்குத் திரும்பிவிடுகிறாள்.

இங்கேதான் புத்தகம் உயரத்துக்குப் போகிறது. ஃபீக்கு எல்லாம் தெரியும். பேரன் டேன் யார் சாயல் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் அவளும் அதையே செய்தவள். கல்யாணமான ஒரு அரசியல்வாதியை இளவயதில் காதலித்து, ஃபிராங்கைப் பெற்று, பெரிய குடும்பத்தின் மானத்துக்காக கூலிக்காரனான பேடிக்குக் கட்டிவைக்கப்பட்டவள். பெற்ற பிள்ளைகளிலெல்லாம் அவள் உயிரை வைத்தது ஃபிராங்க் ஒருவன் மேல், அந்த ஃபிராங்க் வீட்டைவிட்டு ஓடி, கொலை செய்து, சிறையில் கிழவனாகித் திரும்புகிறான். மகள் என்று ஒருத்தி இருப்பதையே அவள் பார்க்கவில்லை. சரி, அம்மாவின் கண் படாமல் வளர்ந்த மெகியாவது தன் மகளைப் பார்த்தாளா? இல்லை. அவளும் டேன் மேலேயே விழுந்து கிடக்கிறாள், ஜஸ்டீன் ஓரமாக, கூர்மையான நாக்கோடு, தன்னந்தனியாக வளர்கிறாள். இதை வாசிக்கிற எத்தனை மகள்கள் தங்கள் வீட்டை நினைத்துக்கொள்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உண்மையெல்லாம் வெளியே வந்த பிறகுதான் ஃபீயும் மெகியும் இரண்டு பெண்களாக உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறார்கள். ரால்ஃப் வருகிற எந்தக் காட்சியையும் விட எனக்கு அந்தப் பேச்சுகள் பெரிது.

டேன் தானும் பாதிரியாராகப் போகிறேன் என்று வந்து நிற்கும்போது மெகி உடைந்துபோகிறாள். திருச்சபையிடமிருந்து அவள் திருடியதைத் திருச்சபையே திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பதாகத்தான் அவளுக்குப் படுகிறது. ரோமில் மகனின் குருப்பட்டத்துக்கு அவள் போகவே இல்லை. பட்டம் வாங்கிய கையோடு கிரீஸின் கிரீட் தீவில் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப்போய் அவன் இறக்கிறான். அவன் யார் மகன் என்று ரால்ஃபுக்குத் தெரிவது அதற்குப் பிறகுதான், அதையும் தாங்காமல் அவர் போய்விடுகிறார்.

குறை உண்டு. டேன் ரொம்ப நல்லவன், மனிதப் பிள்ளையாக எனக்கு ஒட்டவில்லை. உலகப்போர்ப் பகுதி அவசரமாக ஓடுகிறது. இவ்வளவு பெரிய ஆஸ்திரேலிய நிலத்தில் அந்த மண்ணின் பூர்வகுடிகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, அது சின்னக் குறை கிடையாது.

1983-இல் வந்த தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பார்பரா ஸ்டான்விக் மேரி கார்சனாக வந்து எம்மி விருது வாங்கினார், அதற்கு அவர் முழுத் தகுதி. ஆனால் எடுத்தது கலிஃபோர்னியாவிலும் ஹவாயிலும், நியூசிலாந்துக் குழந்தைப் பருவம் இல்லை, போரும் இல்லை. ரால்ஃபும் மெகியும் மிஞ்சுகிறார்கள், ஃபீ சுருங்கிப்போகிறாள்.

2015 ஜனவரியில் மெக்கல்லோ இறந்தபோது ஆஸ்திரேலிய நாளிதழ் ஒன்று அஞ்சலிக் குறிப்பின் ஆரம்பத்திலேயே அவருடைய முகத்தையும் எடையையும் பற்றிப் பேசியது. நரம்பியல் துறையில் வேலை பார்த்து, கோடிக்கணக்கான பேர் படித்த நாவலை எழுதி, ரோமானியக் குடியரசு பற்றி ஒரு பெரிய நாவல் வரிசையே எழுதியவரைப் பற்றி! உலகம் முழுக்க வாசகர்கள் கொதித்துப்போய், அதே பாணியில் தங்களுக்கே இரங்கல் குறிப்பு எழுதி அந்த இதழை நாணவைத்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

வாங்குபவர்களுக்கு: சுருக்கப் பதிப்பு கண்ணில் பட்டால் தொடாதீர்கள், முழுசாக வாங்குங்கள். ஆங்கிலம் கடினமில்லை, ஆட்டுப் பண்ணைச் சொற்கள் மட்டும் கொஞ்சம் படுத்தும், போகப்போகப் பழகிவிடும். டேன் இறந்ததும் கதை முடிந்தது என்று பலர் கடைசிப் பகுதியை மேய்ந்துவிடுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். தம்பியோடு கிரீஸுக்குப் போகாமல் தன் காதலனோடு இருந்துவிட்டோமே என்ற குற்ற உணர்வில் ஜஸ்டீன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ட்ரோகெடாவுக்கே வந்துவிடுகிறேன் என்கிறாள். வராதே, உன் வாழ்க்கை நீ இருக்கிற இடத்தில்தான் என்று மெகி அவளுக்குக் கடிதம் எழுதுகிறாள். ஃபீ அவளுக்குச் செய்யாததை, அவளே ஜஸ்டீனுக்கு அதுவரை செய்யாததை, அந்த ஒரு கடிதத்தில் செய்துவிடுகிறாள். அந்தக் கடிதத்துக்காகவே கடைசிப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.