கிறிஸ்துமஸ் மதிய விருந்து: முழு வான்கோழியா, தொடைக்கறியா, நாட்டுக்கோழியும் களியுமா?

கிறிஸ்துமஸ் என்றால் மேசையின் நடுவே முழுதாக வறுத்த ஒரு வான்கோழி இருக்க வேண்டும் என்ற ஆசை அண்மைக் காலமாக எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, இந்த ஆண்டாவது பிரியாணியை விட்டுவிட்டு ரோஸ்ட் செய்யலாமே என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த வழக்கம் இங்கிலாந்தின் குளிருக்கும், அங்குள்ள அடுப்புக்கும், அங்குள்ள வீட்டு அமைப்புக்கும் ஏற்ப வளர்ந்த ஒன்று. அங்கேயே வான்கோழி பழைய குடி அன்று. அமெரிக்கக் கண்டத்துப் பறவையான அது 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பும், அதற்குப் பின் நெடுங்காலமும், பல வீடுகளில் கூஸ் எனப்படும் பெருவாத்துதான் விருந்துக்கு வறுபட்டது. கைக்குக் கிடைத்ததில் சிறந்ததை முழுதாகச் சமைத்து, எல்லோரும் பார்க்க அறுத்துப் பங்கிடுவதுதான் அந்த வழக்கத்தின் உயிர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதனால்தான் இங்கே கைக்குக் கிடைப்பவற்றை அதற்கு எதிரே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஒப்பிடும் முன் நம் வீடுகளின் நிலைமையை மனத்தில் கொள்ள வேண்டும். கோவிலூர்க் கோயிலானாலும் எலத்தகிரிக் கோயிலானாலும், நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது மணி இரண்டை நெருங்கிவிடும். சமைப்பவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். பொழுது விடிந்ததும் கேக்கும் முறுக்கும் தட்டில் வைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். பத்து மணி முதல் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். வருபவர்களில் ஹலால் முறையில் அறுத்த இறைச்சியை மட்டுமே உண்ணும் நண்பர்கள் இருப்பார்கள்; மார்கழி மாதமாதலால் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் அண்டை வீட்டாரும் இருப்பார்கள். எனவே சுவை, செலவு ஆகிய இரண்டோடு, சமைப்பவருக்கு எத்தனை மணி நேரத் தூக்கம் மிஞ்சும், வருபவர்களில் எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிட முடியும் என்பவற்றையும் நான் கணக்கில் சேர்க்கிறேன். சொல்லப்போனால் அவற்றையே முதலில் வைக்கிறேன்.

வான்கோழியிலிருந்து தொடங்குவோம். உள்ளூரில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சென்னை நந்தனத்தில் உருவாக்கிய நந்தனம் வான்கோழி-1 என்ற இனமும் தமிழகத்தில் வளர்க்கப்படுகிறது. நல்ல சேவல் ஒன்று ஏழெட்டுக் கிலோவைத் தொடும். சிக்கல் அங்குதான் தொடங்குகிறது. நம் வீடுகளில் இருக்கும் 25, 30 லிட்டர் மின் அடுப்புக்குள் அது நுழையாது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பெங்களூரிலிருந்து ஐந்து கிலோ உறைநிலைப் பறவை ஒன்றை வரவழைத்தோம். அந்த எடைக்கு அது குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் குறைந்தது இரண்டு முழு நாள் இருந்து இளக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்த பேக்கரிக்காரர் ரொட்டி சுட்டு முடித்த அடுப்பில் இடம் கொடுத்தார். நெஞ்சுப் பகுதி நார்நாராக உலர்ந்து போயிருந்தது. தொடை மூட்டை ஒட்டி அறுத்தபோதோ உள்ளே இன்னும் சிவப்பு இருந்தது. நெஞ்சுக்கறி வேகும் வேகம் வேறு, தொடைக்கறி வேகும் வேகம் வேறு என்பதே இந்தப் பறவையின் அடிப்படைத் தொல்லை. உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டும்வரை அதை உண்பது பாதுகாப்பும் அன்று. அன்று மதியம் அம்மா அதை மறுபடி துண்டுகளாக்கி, மிளகு போட்டுக் குழம்பாக்கினார். விருந்தினர் சாப்பிடும்போது மணி மூன்றரை. உப்பு நீரில் ஓரிரவு ஊறவைத்து, வெப்பமானி செருகிப் பார்த்துச் செய்பவர்கள் இதை நன்றாகவே செய்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் கையாளும் ஒரு பறவையை, தூக்கம் கெட்ட ஒரு காலையில் சோதித்துப் பார்க்கச் சொல்வது சமைப்பவருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

முழுதாகச் சமைத்து நடுவில் வைக்க வேண்டும் என்பவர்களுக்கு நான் மனமாரச் சொல்வது வெள்ளாட்டின் பின்தொடை. வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தையும் ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையும் கூடும் இந்தப் பகுதியில் நல்ல வெள்ளாட்டுக்குப் பஞ்சமில்லை. இளங்கிடாயின் தொடை ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். எலும்போடு முழுதாக வேண்டும் என்று இரண்டு நாள் முன்பே கடையில் சொல்லிவைக்க வேண்டும், இல்லையேல் பழக்கத்தில் வெட்டிவிடுவார்கள். 24ஆம் தேதி மாலையே கத்தி நுனியால் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆழமாகக் கீறி, ஒவ்வொரு கீறலிலும் ஒரு பூண்டுப் பல்லையும் ஒரு மிளகையும் அழுத்திவிட்டு, கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு விழுது, அரைத்த காய்ந்த மிளகாய், உப்பு, சிறிதளவு பப்பாளிக்காய் விழுது ஆகியவற்றைக் கலந்து பூசிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். பப்பாளிக்காய் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் மேற்பரப்பு மாவாகிவிடும். காலை எட்டரைக்கு, அடி கனத்த அகலப் பாத்திரத்தில் வெங்காயத்தைப் பரப்பி, அதன் மேல் தொடையை வைத்து, கால் படி வெந்நீர் விட்டு மூடி, விளிம்பைக் கோதுமை மாவால் ஒட்டி, கீழே சிறு தணலும் மூடி மேல் கொஞ்சம் கங்குமாக விட்டுவிட்டால் மூன்று மணி நேரம் யாரும் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. மூடியைத் திறக்கும்போது எலும்பின் நுனியிலிருந்து கறி ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தால் பதம் சரி என்று பொருள். பிறகு நெய் விட்டு, திறந்த தணலில் இருபுறமும் சிவக்க விட வேண்டும். ரோஸ்ட்டின் நிறமும், மேசையில் வைத்து அறுக்கும் நிறைவும் இதில் முழுதாகக் கிடைக்கின்றன. ஹலால் கடையில் வாங்கினால் அந்த நண்பர்களும் தயங்காமல் உண்ணலாம். குறை என்னவென்றால் செலவு. பிராய்லர் கோழியைவிட ஆட்டுக்கறி மூன்று நான்கு மடங்கு விலை. ஒரு தொடை ஏழெட்டுப் பேருக்குத்தான் வரும்.

இருபது பேருக்கு மேல் வரும் வீட்டுக்குப் பிரியாணியை மீற எதுவும் இல்லை. ஆம்பூர் எங்களுக்கு அடுத்த வாசல். சீரகச் சம்பாவும் தம்மும் இங்கே எல்லோருக்கும் கைப்பழக்கம். ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றேகால் கிலோ கறி போட்டால் எட்டுப் பேர் நிறைவாக உண்ணலாம், சமையற்காரரும் எளிதில் கிடைப்பார். ஆனால் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் உண்ணும் அதே பிரியாணிதான் கிறிஸ்துமஸுக்கும் என்று பிள்ளைகள் முகம் சுளிப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கூட்டம் பெரிதாக இருந்தால் அந்த நியாயத்தை ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான்.

மீனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிருஷ்ணகிரி அணையின் கட்லாவும் ஜிலேபியும் அணைக்கரையில் நின்றபடி சூடாக உண்ணும்போது அருமை. வீட்டில் இருபது பேருக்கு வறுத்து முடிப்பதற்குள் முதலில் வறுத்தது ஆறிவிடும். பன்றிக்கறியை விரும்புவோர் உண்டு, எனக்கும் அதன் வறுவல் பிடிக்கும். ஆனால் விருந்தினரில் ஒரு பகுதியினர் அந்தப் பந்தியில் உட்காரவே முடியாது என்பதால் அதை முதன்மை உணவாக நான் ஏற்க மாட்டேன்.

நாட்டுக்கோழிக் குழம்பும் கேழ்வரகுக் களியும் விருந்துக்கு உரியவை அல்ல, அன்றாடச் சாப்பாடு என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் கேழ்வரகு அறுவடையாகிக் களத்துக்கு வரும் காலமே இதுதான். புது மாவில் கிண்டிய களிக்கு இருக்கும் மணமும் இளம் இனிப்பும் கோடையில் கிடைக்கா. ஏழெட்டு மாதம் மேய்ந்து திரிந்த சேவலின் கறி, ஆறு வாரப் பிராய்லரைப் போலப் பஞ்சாக இராமல் பல்லுக்கு வேலை கொடுக்கும். குழம்பில் மிதக்கும் மஞ்சள் கொழுப்பே பாதிச் சுவை. குழம்பை 24ஆம் தேதி பகலிலேயே வைத்துக் குளிர்பெட்டியில் எடுத்து வைத்துவிடலாம். மறுநாள் கொதிக்கவிட்டால் ருசி கூடுமே தவிரக் குறையாது. இந்த வரிசையில் சமைப்பவருக்கு மிகுந்த தூக்கத்தைத் தருவது இதுதான். களியை மட்டும் பந்தி விரித்த பிறகே கிண்ட வேண்டும். ஆறிய களியை விருந்தினருக்கு வைக்கக் கூடாது. பத்துப் பேர் வரை ஒருவர் களிக்கோல் பிடித்துச் சமாளிக்கலாம், அதற்கு மேல் தோள் தாங்காது.

எந்தக் கறியைத் தேர்ந்தாலும் அதன் பக்கத்தில் பிதுக்கம்பருப்புக் குழம்பு இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மார்கழிப் பனியில் அவரை நன்றாகக் காய்க்கும். பச்சைக் கொட்டையை வாங்கி ஓரிரவு ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். குடில் கட்டும் மாலையில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்தால் இரண்டு கிலோவும் பேச்சுவாக்கில் முடிந்துவிடும். மாலை போட்டிருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தனிப் பாத்திரத்தில், தனி அடுப்பில் வைத்த இந்தக் குழம்பை முதலில் எடுத்துக் கொடுக்கிறோம். ஒரு வாழைப்பழமும் காபியும் மட்டும் வைத்து அவரை அனுப்பிய ஆண்டுகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கூசுகிறது.

பத்துப் பேருக்குள் என்றால் நாட்டுக்கோழியும் களியும். கையில் கொஞ்சம் பணம் இருந்து, ரோஸ்ட்டின் நிறைவும் வேண்டும் என்றால் தொடைக்கறி. கூட்டம் என்றால் பிரியாணி. எங்கள் வீட்டில் இந்த ஆண்டு தொடைக்கறியும் சிறு சட்டி நாட்டுக்கோழியும் என்று முடிவாகியிருக்கிறது. தொடையின் எலும்பு 26ஆம் தேதி மிளகு தட்டிப் போட்ட எலும்பு ரசமாகும். மிஞ்சிய களியை இரவே தண்ணீரில் போட்டுவைத்தால், மறுநாள் காலை மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, சுண்டிய கோழிக் குழம்பைத் தொட்டுக் குடிக்கலாம்.