'மை'யா, 'மைன்'னா?

ஆங்கிலத்தில் உடைமையைச் சொல்ல இரண்டு வரிசைகள் உண்டு. 'மை, யுவர், ஹர், அவர், தேர்' என்பவை பெயரடைகள். இவற்றுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தே தீர வேண்டும்: 'திஸ் இஸ் மை பென்'. 'மைன், யுவர்ஸ், ஹர்ஸ், அவர்ஸ், தேர்ஸ்' பிரதிப்பெயர்கள். இவை தனியாகவே நிற்கும்: 'திஸ் பென் இஸ் மைன்'. நம் 'என்', 'என்னுடையது' மாதிரிதான் என்பதால் தமிழருக்கு இதுவரை சிரமமில்லை.

சிரமம் ஓரங்களில்தான். 'ஹிஸ்' உருவம் மாறாமல் இரண்டு வேலையும் செய்யும். 'இட்ஸ்' பெரும்பாலும் பெயரடை மட்டுமே. அதில் 'ஸ்'ஸுக்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி (எழுத்தின் மேல் பக்கம் போடும் ’ குறி) போட்டால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று பொருள் மாறிவிடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே சறுக்கும் இடம். 'யுவர்ஸ்', 'ஹர்ஸ்' இரண்டிலும் அந்தக் குறி கிடையவே கிடையாது.

அப்புறம், 'மை ஃப்ரெண்ட்' என்றால் குறிப்பிட்ட ஒருவர். நண்பர்களில் யாரோ ஒருவர் என்று சொல்ல வேண்டுமா? 'எ மை ஃப்ரெண்ட்' என்று சேர்க்க முடியாது. 'எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்' என்று சொல்லலாம்.