64 எம்பி கொடுத்தேன், 21 ஜிபி கேட்டது: போஸ்ட்கிரஸுடன் ஏழு வருஷம்

பழைய ஆபீஸ் நண்பர் போன வாரம் போன் செய்தார். அவர்களுடைய டேட்டாபேஸ் மென்பொருளான ஆரக்கிளின் லைசென்ஸைப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டதாம். "நீதான் இத்தனை வருஷமா போஸ்ட்கிரஸ் ஓட்டுறியே, மாறிடலாமா சொல்லுப்பா" என்றார். போஸ்ட்கிரஸும் ஒரு டேட்டாபேஸ்தான், லைசென்ஸ் கட்டணம் கிடையாது. கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான், மாதக் கடைசி அன்று, பட்டப்பகலில் எங்கள் டேட்டாபேஸ் படுத்துவிட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் சர்வரில் 32 ஜிபி மெமரி. டேட்டாவை வைத்துக்கொள்ளும் பொது மெமரியான ஷேர்டு பஃபருக்கு எல்லோரும் செய்வதுபோல் கால் பங்கு, 8 ஜிபி. அதில் எனக்குக் குறையே இல்லை. கொடுத்ததோடு அடங்கி இருக்கும். என் தகராறு முழுக்க, டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்கு (குவெரி) வேலை செய்ய எவ்வளவு மெமரி என்று சொல்லும் ஒர்க் மெம் செட்டிங்குடன்தான். பெயரைப் பார்த்தால் ஒரு கனெக்‌ஷனுக்கு இவ்வளவு என்று தோன்றும். அப்படி இல்லை. ஒரு குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் (வரிசைப்படுத்தல்) ஒவ்வொரு ஹாஷுக்கும் (பொருத்திப் பார்க்க மெமரியில் போடும் அட்டவணை) தனித்தனியாக அவ்வளவு. வேலையைப் பிரித்துப் பேரலலாக ஓடினால் ஒவ்வொரு துணை பிராசஸும் (ஒர்க்கர்) தன் பங்குக்குத் தனியாக எடுத்துக்கொள்ளும். 15-ஆம் பதிப்பிலிருந்து, ஹாஷ் என்றால் இரண்டு மடங்கு வரை போகலாம்.

முதலில் இருந்த 4 எம்பியில் எங்கள் ஸ்டாக் ரிப்போர்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி ஊர்ந்தது. சரி என்று 64 ஆக்கினேன். அந்த ரிப்போர்ட்டில் மூன்று சார்ட், இரண்டு ஹாஷ். சார்ட்டுக்கு 192, ஹாஷுக்கு 256, ஆக மொத்தம் 448 எம்பி. மாதக் கடைசியில் நாற்பது கிளைகளும் ஒரே நேரத்தில் அதே பட்டனை அழுத்தினால் நாற்பது பிராசஸ், கூடவே எட்டு பேரலல் ஒர்க்கர். 48-ஐ 448-ஆல் பெருக்கினால் உச்சத்தில் 21 ஜிபி. அதோடு பஃபரின் 8. மிச்சம் 3 ஜிபியில் லினக்ஸ் எங்கே மூச்சு விடும்?

விடவில்லை. மெமரி தீர்ந்ததும் லினக்ஸின் மையமான கர்னல் ஒரு பிராசஸை சிக்னல் 9 கொடுத்து அந்த நொடியே கொன்றது. ஒன்று அப்படிச் செத்தால் பொது மெமரி கெட்டிருக்கலாம் என்று போஸ்ட்கிரஸ் மற்ற எல்லா கனெக்‌ஷனையும் வெளியே தள்ளிவிட்டு தன்னைச் சரிசெய்துகொள்ளும் ரெக்கவரிக்குப் போகும். ரிப்போர்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் பில் போட்டுக்கொண்டிருந்தவர்களும் அறுந்து விழுந்தார்கள். சில நிமிஷத்தில் எழுந்தது, கமிட் ஆன (சேமித்தாயிற்று என்று உறுதியான) ஒரு வரிகூடப் போகவில்லை, உண்மைதான். ஆனால் 'மொத்தமாக இதற்கு மேல் போகாதே' என்று சொல்ல ஒரு செட்டிங் ஏன் இன்னும் இல்லை? ஆரக்கிளில் 12சி பதிப்பிலேயே செஷன்களின் மொத்த மெமரிக்கான பிஜிஏ லிமிட் வந்துவிட்டது. எல்லை தாண்டினால் அதிகம் பிடித்து வைத்திருக்கும் செஷன்தான் அடி வாங்கும். இங்கே ஊரையே எழுப்பி வெளியே அனுப்புகிறார்கள். மொத்த மெமரி ஒர்க் மெம்மைப் போலப் பல மடங்கு ஆகலாம் என்று போஸ்ட்கிரஸ் கையேட்டில் எழுதித்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. எழுதிவைத்தது போதுமா?

இப்போது போன ஜூனில் நடந்ததைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். மதியம் 3:42-க்கு எங்கள் டீம் பையன் ஒருவன் விலையை மாற்றும் அப்டேட்டை ஓட்டினான். திரையில் மேல் இரண்டு வரியை மட்டும் செலக்ட் செய்திருந்தான். எந்த மருந்துக்கு என்று சொல்லும் 'வேர்' (WHERE) இருந்த மூன்றாவது வரி விட்டுப்போனது. எல்லா மருந்துக்கும் ஒரே விலை.

ஞாயிறு இரவு எடுத்த முழுப் பிரதியை (பேஸ் பேக்கப்) வேறொரு மெஷினில் இறக்கி, ஆர்க்கைவில் இருந்த, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் வால் (WAL) ஃபைல்களைக் காட்டி, 15:41 வரை போ என்றேன். ஐம்பது நிமிஷம் ஓடிவிட்டு, சொன்ன இலக்கை எட்டும் முன்பே வால் பதிவு தீர்ந்துவிட்டது என்று எர்ரர் கொடுத்து நின்றது. அப்போதுதான் உறைத்தது: அந்த மெஷின், நமக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் யுடிசி நேரத்தில் இருந்தது. நம் 3:41-க்கு +05:30 சேர்க்காததால் அது தேடியது இன்னும் வராத நம் இரவு 9:11-ஐ. 12-ஆம் பதிப்பு வரை இப்படி எர்ரர் வராது. கெட்டுப்போன விலையோடேயே டேட்டாபேஸ் சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். 13-இல் திருத்தினார்கள். அதைச் செய்தவர்களுக்கு மனசார நன்றி.

மறுபடி பேஸ் பேக்கப்பிலிருந்து தொடங்கி, +05:30 போட்டு ஓட்டினேன். 3:41-இல் நின்றது. படிக்க மட்டும் அனுமதித்துக் காத்துக்கொண்டிருந்தது. விலை டேபிளை செலக்ட் செய்தேன். 12.40, 86.00, 7.25 என்று பழைய விலைகள் வரிசையாக இறங்கின. அந்தப் பையன் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான், ஒன்றும் பேசவில்லை. அந்த ஒரு டேபிளை மட்டும் டம்ப் (பிரதி) எடுத்துக் கொண்டுபோய் அசல் டேட்டாபேஸில் சேர்த்தோம். அன்று சாயங்காலம் இதைவிட நல்ல டேட்டாபேஸ் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். இப்போதும் டேட்டாவைப் பொறுத்தவரை அதே எண்ணம்தான்.

ஆனால் நண்பருக்கு, இந்த வருஷம் லைசென்ஸைப் புதுப்பித்துவிடுங்கள் என்றுதான் சொன்னேன். எங்கள் சர்வரை நான் மாற்றப்போவதில்லை. ஒர்க் மெம்மை 8 எம்பிக்கு இறக்கிவிட்டேன், ரிப்போர்ட் யூசருக்கு மட்டும் தனியாக 32, அதற்குக் கனெக்‌ஷனும் பத்துக்கு மேல் கிடையாது. லினக்ஸில், இருப்பதற்கு மேல் மெமரி தருவதாக வாக்குக் கொடுக்கும் ஓவர்கமிட்டையும் 2 ஆக்கி நிறுத்தியிருக்கிறேன். இனி மெமரி போதாவிட்டால் அந்தக் குவெரி மட்டும் எர்ரர் வாங்கட்டும். அடுத்த மாதக் கடைசி வரட்டும், அப்புறம் கேளுங்கள் என்று வைத்தேன்.