உல்கிரிமா, பிரின்னா? கோடாரி ஒன்றுதான், கை வேறு

போன ஆடி மாதம் பிரால்ஹல்லா என்ற சண்டை வீடியோ கேமில் என்னிடம் சேர்ந்திருந்த தங்கம் (ஆட்டத்துக்குள் செல்லும் காசு) சண்டைபோட ஒரே ஒரு ஆளை வாங்கத்தான் போதுமானதாக இருந்தது. குள்ளர் குலத்துக் கொல்லன் உல்கிரிமா, வால்கிரி பிரின்னா என்று இரண்டு நாள் யோசித்தேன். இந்த ஆட்டத்தில் வாங்கிய ஆளைத் திருப்பிக் கொடுத்துத் தங்கத்தை மீட்க முடியாது. தினசரி வேலைகளை முடித்து, காசு காசாகச் சேர்த்தது வேறு. கடைசியில் உல்கிரிமை எடுத்தேன். எட்டு மாதமாக அவனோடுதான் ஆடுகிறேன். ஓசூரில் இருக்கும் சித்தப்பா பையன் அதே வாரம் பிரின்னை எடுத்தான். பென்னாகரம் பக்கம் நான், ஓசூரில் அவன் என்று வாரத்தில் நான்கு இரவாவது மோதுகிறோம். அதனால் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு எனக்கு நன்றாகவே கிடைத்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆளை மேடையிலிருந்து வெளியே தூக்கி எறிவதுதான் வெற்றி. அடி வாங்க வாங்க ஆளின் நிறக்குறி வெள்ளையிலிருந்து சிவப்புக்குப் போகும், அடுத்த அடியில் பறக்கும் தூரமும் கூடும். 2017 அக்டோபரில் முழு வெளியீடு, 2020 ஆகஸ்டில் மொபைலுக்கு வந்தது. கம்ப்யூட்டரில் ஆடுபவரும் போனில் ஆடுபவரும் ஒரே மேடையில் மோதலாம். காசு கொடுக்காமலே ஆடலாம். பெரும்பாலும் தோற்ற அலங்காரத்துக்குத்தான் பணம் கேட்கும், அதில் எனக்கு ஆர்வம் இல்லை.

சரி, ஒப்பீட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு ஆயுதம். உல்கிரிமுக்குக் கோடாரியும், ராக்கெட் பொருத்திய நீண்ட குத்தாயுதமான ராக்கெட் லான்ஸும். பிரின்னுக்குக் கோடாரியும் ஈட்டியும். ஒரே ஆயுதத்தை யார் பிடித்தாலும் லேசான அடிகள் ஒன்றுதான். ஆளுக்கு ஆள் மாறுவது சிக்னேச்சர் எனப்படும் பெரிய அடிகளும், பலம், லாகவம், தற்காப்பு, வேகம் என்ற நான்கு எண்களும்தான். அந்த எண்களின் கூட்டுத்தொகை எல்லோருக்கும் 22. ஒன்றில் கூடினால் இன்னொன்றில் குறையும். எனவே எண்களை வைத்து ரொம்ப நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. பிரின்னின் வேகம் கண்ணுக்கே தெரியும், அவ்வளவு போதும்.

கோடாரி பொதுவாகிவிட்டதால் உண்மையான கேள்வி லான்ஸா ஈட்டியா என்பதுதான்.

ஈட்டி கைக்குச் சீக்கிரம் பழகும். எட்டு மாதம் எதிரில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அழகான ஆயுதம். முதல் குத்து பட்டதும் எதிராளி எந்தப் பக்கம் விலகுகிறான் என்று பார்த்து, அந்தப் பக்கமே அடுத்த குத்து. தம்பி நல்ல நிலையில் இருக்கும்போது மூன்று நான்கு குத்து வரிசையாக வாங்கிவிட்டுத்தான் என்னால் மூச்சு விட முடியும்.

லான்ஸ் வேறு ரகம். பெயரிலேயே ராக்கெட் இருக்கிறது. அடிக்கும்போது பின்னாலிருந்து நெருப்பு கக்கி, பிடித்திருக்கும் ஆளையே சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மேடையின் இந்த ஓரத்திலிருந்து பாய்ந்தால் பாதி மேடையைத் தாண்டியிருப்போம். பட்டால் நல்லது. படவில்லை என்றால் எதிராளியின் மூக்குக்கு முன்னால் போய் நிற்போம், அடுத்த அடி நமக்குத்தான். முதல் மூன்று வாரம் தினமும் அப்படித்தான் வாங்கினேன்.

இந்த இடத்தில்தான் நான் அதிகம் யோசித்த விஷயம் வருகிறது. அது பிங், அதாவது நம் கருவியிலிருந்து ஆட்டத்தின் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம். எங்கள் ஊரிலிருந்து தென்கிழக்காசிய சர்வரில்தான் ஆடுகிறேன். காலையில் 80 மில்லிசெகண்ட் காட்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் போன் ஓடத் தொடங்கியதும் 150, சில நாள் 200. மழை வந்தால் கேட்கவே வேண்டாம். கேபிள் இணைப்புக்காரரிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், கம்பத்துக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதோடு சரி.

இந்த ஆட்டம் விநாடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம், திரையில் மாறும் ஒவ்வொரு படம்) ஓடுகிறது. ஒரு சட்டகம் ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட். 150 என்றால் ஒன்பது சட்டகம். எதிராளி விலகியது என் திரையில் தெரிந்து, நான் பட்டனை அழுத்தி, அது அங்கே போய்ச் சேர்வதற்குள் அவன் விலகி முடித்து அடுத்த வேலையைத் தொடங்கியிருப்பான். பார்த்து, உடனே முடிவெடுத்து அடிக்கிற ஆயுதத்துக்கு இந்த ஒன்பது சட்டகம்தான் எமன். ஈட்டி அப்படிப்பட்ட ஆயுதம். முதல் குத்து பட்டதா இல்லையா என்று பார்த்த பிறகுதான் இரண்டாவது குத்தின் திசை முடிவாகிறது. பிங் ஒரே அளவாக இருந்தால்கூட விரல் பழகிவிடும். ஒரு நிமிடம் 90, அடுத்த நிமிடம் 180 என்று ஆடினால் எந்தக் கைப்பழக்கமும் நிற்காது.

லான்ஸுக்கு அந்தச் சிக்கல் குறைவு. இல்லை என்று சொல்லவில்லை, குறைவு. பாய்வதற்கு முன்பே முடிவெடுத்துவிட வேண்டிய ஆயுதம் அது. எதிராளி மேலே குதிப்பான் என்று கணித்து, அவன் குதிப்பதற்கு முன்பே புறப்பட்டுவிட வேண்டும். கணிப்பு சரியாக இருந்தால் ஒன்பது சட்டகம் தாமதமானாலும் போய்ச் சேரும் இடம் சரியாகவே இருக்கும். ஒரு நாள் தம்பியே போனில் சொன்னான்: “அண்ணா, நீங்க என்னைப் பார்த்து அடிக்கறதில்ல. நான் எங்க வருவேன்னு பார்த்து அடிக்கறீங்க.” எட்டு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது அதைத்தான்.

மேடைக்கு வெளியே தூக்கி எறியப்பட்டாலும் லான்ஸ் கை கொடுக்கிறது. காற்றில் பக்கவாட்டாகப் பாய்ந்து ஓரத்துக்குத் திரும்ப முடிகிறது. இணைப்பு தாமதமாகி லேக் அடிக்கும் இரவில் ஒரு உயிர் கூடுதலாகக் காப்பாற்றுவது பெரிய விஷயம்.

தம்பி வீட்டில் பைபர் இணைப்பு. அங்கே பிங் அசையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஆளை மாற்றிக்கொண்டு ஆடினோம். அவன் வீட்டில் அவன் பிரின்னை வைத்து நான் ஆடியபோது ஈட்டி என் பேச்சைக் கேட்டது, அடுத்தடுத்து விழுந்தது. ஊருக்கு வந்து, வாராவாரம் சில ஆட்களை இலவசமாகத் தரும் சுழற்சியில் பிரின் வந்த வாரம் அதையே முயன்றால் பாதி குத்து காற்றில் போனது. ஆயுதம் அதேதான், கையும் என் கைதான்.

கோடாரி இரண்டு பேருக்கும் பொது என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கனமான அடி, தவறினால் தண்டனை. ஆனால் வேகமுள்ள பிரின் கோடாரியோடு சீக்கிரம் கிட்ட வந்துவிடுகிறாள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயுதத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஆட்களைப் பார்த்தால், இரண்டு பேருமே நம் மண்ணுக்கு அந்நியமாகத் தெரியவில்லை. பிரின் வால்கிரி. வட ஐரோப்பியப் புராணத்தில், போரில் செத்த வீரரை ஓடின் கடவுளின் வல்ஹல்லா மாளிகைக்கு அழைத்துப்போகும் பெண்கள் வால்கிரிகள். நம் பக்கத்து மூன்றடுக்கு நடுகற்களில் கீழே வீரன் போரிடுவான், நடுவில் தேவமங்கையர் அவனைத் தூக்கிச் செல்வார்கள், மேலே அவன் சொர்க்கத்தில் இருப்பான். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களுக்கு முன்னால் நின்றபோது எனக்குப் பிரின் ஞாபகம்தான் வந்தது. அந்த வகையில் அவளுக்கு ஒரு மதிப்பு உண்டு.

ஆனாலும் என் மனம் கொல்லன் பக்கம்தான். அதே வட ஐரோப்பியப் புராணத்தில் இடிக் கடவுள் தோரின் சம்மட்டியைச் செய்தவர்கள் புரோக்கரும் சிந்திரியும் என்ற குள்ளர்கள். துருத்தி ஊதும்போது தந்திரக்காரன் லோகி ஈயாக வந்து புரோக்கரின் கண்ணிமையைக் கடிக்க, இரத்தத்தைத் துடைக்க அவர் ஒரு கணம் கையை எடுத்தார். அதனால்தான் அந்தச் சம்மட்டிக்குப் பிடி குட்டையாகிவிட்டது. சின்ன வயதில் கொழு தட்ட அப்பாவோடு ஆசாரி பட்டறைக்குப் போவேன். துருத்தி ஊதும் பையன் ஒரு நொடி அசந்தாலும் ஆசாரி சத்தம் போடுவார். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கதை எங்கோ நடந்ததாகத் தோன்றாது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு உலைக்காரனை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உல்கிரிம் புராணத்துப் பெயர் அல்ல, ஆட்டத்துக்காக உருவாக்கியவன்தான். ஆனாலும் அவன் அந்தக் குள்ளர்களின் வழிவந்தவன்.

லான்ஸ் வேண்டும், கொல்லன் வேண்டாம் என்பவர்களுக்கு சர் ரோலண்டிடம் லான்ஸோடு வாள் உண்டு, ஸ்கார்லெட்டிடம் சம்மட்டி உண்டு. லான்ஸும் ஈட்டியும் ஒரே ஆளிடம் வேண்டுமென்றால் ஓரியன் இருக்கிறான். இந்த மூவரோடும் நான் ஆடியது இலவச வாரங்களில் மட்டும்தான், பத்துப் பதினைந்து ஆட்டத்துக்கு மேல் இருக்காது. தரவரிசைக்காக ஆடும் ரேங்க்டு ஆட்டத்திலும் நான் கோல்டு என்ற நடு நிலை வரைதான் போயிருக்கிறேன். அதைவிட மேல் நிலையான டயமண்டில் ஆடுபவர்களுக்கு நான் சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அங்கே லான்ஸின் பாய்ச்சலை எல்லோரும் எதிர்பார்த்துத்தான் நிற்பார்கள்.

பிங் 80-க்குக் கீழே அசையாமல் நிற்கிற வீடு என்றால் பிரின்னை எடுங்கள், சீக்கிரம் ஜெயிக்கத் தொடங்குவீர்கள். என் மாதிரி சாயங்காலமானால் தடுமாறும் இணைப்பு என்றால் உல்கிரிம். முதல் ஒரு மாதம் தோல்விதான் அதிகம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருமுனை வரை பைபர் கம்பி இழுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பிரின்னையும் வாங்குவேன், தங்கம் முக்கால்வாசி சேர்ந்துவிட்டது.