புல்லைத் தொடாத கோல்ஃப் பயிற்சி: ஒன்றரை வருட அனுபவம்

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவர் நேற்று கேட்டார். நான் போய்ப் படித்த அந்த ஒரு வாரக் கோல்ஃப் பயிற்சிக்குக் கோடை விடுமுறையை ஒட்டிக் கட்டணத்தைக் குறைத்திருக்கிறார்களாம். தானும் பதினோரு வயது மகளும் சேரலாமா என்றார். வாட்ஸாப்பில் இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை, அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். எந்த இடம், எந்தக் கோச் என்று சொல்லப்போவதில்லை. காலை ஆறரைக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் ஒரு வகுப்பு, சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் ஒரு வகுப்பு, மட்டை அவர்களே தருவார்கள், இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அது நிஜமாகவே நல்லது.

முதல் நாள் காலை முழுக்கக் கோச் பந்தையே கண்ணில் காட்டவில்லை. கிரிப், அதாவது மட்டையைப் பிடிக்கிற பிடி மட்டும்தான். இடது கைக்கு உறையை மாட்டச் சொன்னார். பால்பாயின்ட் பேனாவை எடுத்து, ஆள்காட்டி விரலின் நடுக்கணுவிலிருந்து சுண்டுவிரலின் அடி வரைக்கும் உறையின் மேல் சாய்வாக ஒரு கோடு போட்டார். "மேடம், மட்டை இந்தக் கோட்டு மேல படுக்கணும். உள்ளங்கைக்குள்ள போச்சுன்னா மணிக்கட்டு பூட்டிக்கும்" என்றார். கையை மூடிக் குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு விரல் முட்டி தெரிய வேண்டும். வலது உள்ளங்கையின் ஆயுள்ரேகை இடது கட்டைவிரலை மூடி உட்கார வேண்டும். வலது சுண்டுவிரலை இடது கை விரல்களின் மேல் ஏற்றிப் பிடிப்பது வார்டன் கிரிப். பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை ஆறு முறை வென்ற ஹாரி வார்டனின் பெயர் அது. என் விரல்கள் குட்டை என்பதைப் பார்த்ததுமே அதை விட்டுவிட்டு, இரண்டு விரல்களையும் கோத்துப் பிடிக்கிற இன்டர்லாக் கிரிப்பைச் சொல்லித் தந்தார். கோல்ஃப் ஜாம்பவான்கள் ஜாக் நிக்லாஸும் டைகர் உட்ஸும் பிடிக்கிற பிடி அதுதான்.

கிரிப்புக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் இன்னும் மனதில் இருக்கிறது. மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் யாராலும் எதையும் திருத்த முடியாது. அந்தக் கணத்தில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பந்து பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கிளம்பும். மட்டை வருகிற பாதையில்தான் பந்து கிளம்பும் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரேடார் கருவிகள் வந்து அளந்த பிறகு அது மாறிவிட்டது. முகம் ஒரு பக்கமும் பாதை இன்னொரு பக்கமும் இருந்தால் பந்து வளையும். வலது கைக்காரர் அடிக்கும் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிற ஸ்லைஸ் அப்படித்தான் வருகிறது. முகத்தின் திசையைத் தீர்மானிப்பது கை, கையைத் தீர்மானிப்பது பிடி. இவ்வளவு தெளிவாக ஒரு பாடத்தை வேறு எந்த விளையாட்டிலும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கோடு போட்ட அந்த உறை கிழிந்துபோய்விட்டது, பிடி மட்டும் அப்படியே நிற்கிறது. என்னோடு ஆடுகிற பழைய ஆட்டக்காரர்களே கிரிப்பைப் பார்த்துவிட்டு யாரிடம் கற்றீர்கள் என்று கேட்கிறார்கள்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். ஒன்றரை வருடமாக உள்ளே கிடந்து அரிக்கிறது.

டிரைவிங் ரேஞ்ச் என்கிற பயிற்சித் திடலில் பந்தை வைத்து அடிக்கிற இடத்தில் மேட் என்று ஒன்று போட்டிருப்பார்கள், செயற்கைப் புல் விரிப்பு. அடியில் சிமென்ட், அதன் மேல் ரப்பர், மேலே பிளாஸ்டிக் புல். கடைசி நாளில் அரை மணி நேரம் பட்டிங், குழியை நோக்கிப் பந்தைத் தரையோடு உருட்டுகிற வேலை. அதைத் தவிர மொத்தப் பயிற்சியும் அந்த விரிப்பின் மேல்தான் நடந்தது. ஒருநாள்கூட நிஜமான புல்லில் பந்தை வைத்து அடிக்கவில்லை.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று விளையாடாதவர்களுக்குத் தோன்றலாம். அயர்ன் என்கிற உலோகத் தலை மட்டையால் அடிக்கும்போது முதலில் பந்து, அப்புறம்தான் தரை. மட்டை சுற்றி வருகிற வட்டத்தின் தாழ்ந்த புள்ளி பந்தைத் தாண்டி, இலக்கின் பக்கமாக விழ வேண்டும். நன்றாக ஆடுபவர் அடித்த இடத்தில் டிவட்டைப் பார்த்தால் தெரியும். புல் பெயர்ந்த அந்தத் தழும்பு பந்து இருந்த இடத்தில் தொடங்கி முன்னோக்கிப் போயிருக்கும். புதிதாகக் கற்பவர்களுக்குப் பெரும்பாலும் வருவது இதற்கு நேர் எதிர், பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னாலேயே மட்டை தரையில் விழுந்துவிடும். புல்தரையில் அப்படி விழுந்தால் மட்டையின் விளிம்பு மண்ணுக்குள் இறங்கும், வேகம் அங்கேயே செத்துவிடும், பந்து நாலடி தத்திவிட்டு நிற்கும். தப்பு என்று தரை அப்போதே சொல்லிவிடும்.

விரிப்பு அதைச் சொல்லாது. மட்டை உள்ளே இறங்க வழியில்லை, வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தட்டிவிடும். பந்து எழும்பிப் போகும். திரையில் தூரம் யார்டில் வரும். பின்னால் நிற்கிற கோச் "குட் ஷாட் மேடம்" என்பார்.

அந்த "குட் ஷாட்" எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏனென்றால் விரிப்பின் மேல்கூடக் காதுக்குத் தெரிந்துவிடும். பந்தில் சுத்தமாகப் பட்டால் 'டிக்' என்று ஒரே சத்தம். பின்னால் விழுந்தால் அதற்கு முன்பே 'தொப்' என்று ஒன்று முந்திக்கொண்டு வரும். நாளெல்லாம் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நிற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. எங்கள் வரிசையில் நின்ற எல்லோருக்கும் 'தொப்' வந்துகொண்டுதான் இருந்தது. பந்து பறந்தது, நாங்கள் சந்தோஷப்பட்டோம், அவரும் விட்டுவிட்டார். காசு கட்டி வந்தவர் முகம் வாடக் கூடாது என்ற எண்ணமாக இருக்கலாம். ஆனால் நான் காசு கட்டியது தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு.

எனக்கு அதைச் சொன்னது கொடைக்கானல் புல். அங்கே 1895இல் தொடங்கிய கோல்ஃப் கிளப், பில்லர் ராக்ஸ் போகிற வழியில், 18 குழி. சித்தப்பா உறுப்பினர் என்பதால் விருந்தினராகப் போனேன். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல், காற்றின் அடர்த்தி குறைவு, பந்து கூடுதலாகவே போகும் என்று சித்தப்பா ஆசை காட்டியிருந்தார். என் பந்து காற்றுக்கு எழும்பினால்தானே? செவன் அயர்னால் அடித்தால் ஈர மண்ணும் புல்லும்தான் கட்டியாகப் பெயர்ந்து பறந்தன. நாலாவது குழி வரைக்கும் அதே கதை. நடுவில், குழிக்குப் போகிற புல்வெளிப் பாதையான ஃபேர்வேயில் காட்டெருமைகள் வந்து நின்றதால் கொஞ்ச நேரம் காத்திருந்தோம், எனக்கு அது ஓய்வாக இருந்தது.

கூட வந்த கேடி, மட்டைப் பை சுமக்கும் உதவியாளர், அறுபதைத் தொடுகிற வயதுக்காரர். அதுவரை ஒன்றும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், பந்தை ஏற்றி வைக்கிற சின்னக் குச்சியான டீ ஒன்றை எடுத்து, பந்துக்கு நாலு விரற்கடை முன்னால் தலை மட்டும் தெரிகிற மாதிரி மண்ணில் அழுத்தினார். "பந்தைப் பாக்காதீங்கம்மா. இதை வெட்டுங்க, பந்து தானா போயிடும்" என்றார். வெட்டினேன். முதல் தடவை இல்லை, அடுத்த குழியில் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது, கையில் ஒன்றுமே உணரவில்லை, பந்து மூடுபனிக்குள் நேராகப் போய் மறைந்தது. சித்தப்பா திரும்பிப் பார்த்தார். ஒரு வாரப் பயிற்சியில் கிடைக்காதது அந்த டீயில் கிடைத்தது. இந்தியன் ஓபன் பட்டத்தை 1991இல் முதன்முதலாக வென்ற இந்தியர் அலி ஷேர் கேடியாக இருந்தவர், 2009இல் வென்ற பெங்களூரு முனியப்பாவும் கேடியாக இருந்து வந்தவர்தான். அன்றைக்குப் பிறகு எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

மலைச் சரிவு சொல்லித் தந்தது இன்னொன்று. பந்து கால்களைவிட உயரத்தில் இருந்தால் வலது கைக்காரருக்கு இடப்பக்கம் இழுக்கும், தாழ்வில் இருந்தால் வலப்பக்கம் ஓடும். சமதளமான விரிப்பில் ஒரு வாரம் நின்றவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பங்கர் என்கிற மணல் பள்ளமும் அப்படித்தான். அங்கே பந்தைத் தொடாமல் அதற்குப் பின்னால் மணலை அடித்து, மணலோடு சேர்த்துப் பந்தை வெளியே எறிய வேண்டும். பங்கர் என்ற சொல்லே எங்கள் பயிற்சியில் வரவில்லை.

அப்புறம் முழங்கை. ஊருக்குத் திரும்பி, கட்டிய கட்டணத்தில் மிச்சமிருந்த பந்து வாளிகளை அதே ரேஞ்சில் அடித்துத் தீர்த்தேன். இடது முழங்கையில் வலி பிடித்தது. பிசியோதெரபிஸ்ட் அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "புல்லில் அடிக்கிறீர்களா, விரிப்பிலா?" மண்ணாக இருந்தால் கொஞ்சம் விலகிக் கொடுக்கும். ரப்பரும் சிமென்டும் விலகாது, அதிர்ச்சி நேராகக் கைக்கு ஏறும். தண்ணீர்ப் பாத்திரம் தூக்கவே முடியாமல் சில வாரம் போயிற்று.

நியாயமாகவும் பார்க்கிறேன். சென்னை வெயிலில் புல்தரையை வைத்துக் காப்பாற்றுவது சாதாரண வேலை இல்லை. கற்பவர்கள் ஒரு காலையில் பெயர்க்கிற புல் மறுபடி வளர நாளாகும், அதுவரை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆள் வேண்டும். பயிற்சிக் கட்டணத்துக்குள் அது அடங்காது என்பது புரிகிறது. ஆனால் கடைசி நாள் ஒரு காலை ஏதாவது ஒரு மைதானத்துக்கு அழைத்துப் போகலாமே? அதுவும் முடியாது என்றால், பந்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி மடித்த துண்டைப் போடச் சொல்லியிருக்கலாம். மட்டை சீக்கிரம் இறங்கினால் துண்டில் மாட்டிக்கொள்ளும், தப்பு தெரிந்துவிடும். நான் இப்போது ரேஞ்சுக்குப் போனால் துண்டு இல்லாமல் அடிப்பதில்லை. ஒரு துண்டுக்கு என்ன செலவு?

பட்டிங்குக்கு அரை மணி நேரம் என்றேன் இல்லையா. வழக்கமான மைதானத்தின் பார், அதாவது 18 குழிக்கும் சேர்த்து எதிர்பார்க்கிற அடிகளின் எண்ணிக்கை, 72. ஒரு குழிக்கு இரண்டு பட் என்ற கணக்கில் அதில் 36 பட்டிங்குக்கே ஒதுக்கியது, சரிபாதி. குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், பந்து 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த இடைவெளிக்குள் பந்தை மெதுவாக அனுப்புகிற வேலைக்குப் பலமும் வேண்டாம், வயதும் தடையில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் நாலாவது இடம் பிடித்தாரே, நீளமாக அடிப்பதில் அவரைவிட வலுவானவர்கள் சுற்றிலும் இருந்தார்கள். பட்டிங்கால்தான் வெள்ளிக்கான பிளேஆஃபை, சமநிலையில் இருப்பவர்கள் ஆடுகிற கூடுதல் ஆட்டத்தை, ஒரே ஒரு ஷாட்டில் தவறவிடுகிற தூரம் வரை வந்தார். அதைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் எத்தனையோ பெண் பிள்ளைகள் மட்டையைக் கையில் எடுத்தார்கள். அவர்களை வரிசையாக நிற்கவைத்து செவன் அயர்னை மட்டும் ஓங்கச் சொல்வதைப் பார்த்தால் எனக்குத் தாங்கவில்லை.

சரி, சேரலாமா?

எழுதியதைத் திரும்பப் படித்தால் கிரிப்புக்கு நான் கொடுத்திருக்கிற பாராட்டு எனக்கே பெரிதாகத் தெரிகிறது, அதில் ஒரு சொல்லையும் குறைக்க மாட்டேன். அந்த முதல் நாள் காலையை மட்டும் தனியாகத் தந்தால் முழுக் கட்டணத்தையும் கொடுத்துவிட்டுப் போய் உட்காரலாம். ஆனால் நேற்று முன்தினம்கூட மைதானத்தில் மூன்று குழிகளில் பந்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்திவிட்டு வந்திருக்கிறேன். விரிப்பில் படிந்த பழக்கம் அழுத்தம் வந்தால் மறுபடி எட்டிப் பார்க்கிறது. அந்தக் கோபத்தோடு சொல்கிறேன், வேண்டாம், சேராதீர்கள். கட்டணம் பாதியானாலும் வேண்டாம். விசாரிக்கும்போது, புல்லில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். ரேஞ்சைச் சுற்றிக் காட்டிவிட்டுப் பேச்சை மாற்றினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

மகளுக்கு அவள் உயரத்துக்கு ஏற்ற பட்டிங் மட்டை ஒன்று வாங்கிக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு அனுப்புங்கள், நாங்கள் ஆடுகிற மைதானத்தின் பட்டிங் கிரீனில் அவளோடு நானே நிற்கிறேன். கிரிப்பை அவளுக்கு நான் சொல்லித் தருகிறேன், பேனா என்னிடம் இருக்கிறது.