மூவர் குழுவில் ஒற்றைக் கிட்டார்: ஈக்யூ பெடலுடன் சில ஆண்டுகள்

கீபோர்டும் இரண்டாவது கிட்டாரும் இல்லாமல், கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ் என்று மூவராகத் திரைப்பாடல்களை வாசிக்கும் குழு எங்களுடையது. மூலப் பாடலில் வயலின்கள் நிரப்பிய இடத்தையும் கிட்டாரே நிரப்ப வேண்டியிருப்பதால், அதன் ஒலி மெலிந்தால் பாட்டே மெலிந்துவிடுகிறது. இதற்காக நான் தொடர்ந்து பயன்படுத்திவருவது ஏழு பட்டைகள் கொண்ட ஓர் ஈக்யூ பெடல்; ஒலியின் அடி, நடு, உச்சப் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்க உதவும், காலடியில் வைக்கும் சிறு பெட்டி. அதன் பட்டைகள் 100 ஹெர்ட்ஸில் தொடங்கி 200, 400, 800 என்று இரட்டித்தபடி 6,400 வரை செல்கின்றன; ஒவ்வொன்றையும் 15 டெசிபெல் வரை ஏற்றலாம், இறக்கலாம்.

ஒலி நிறைவாக வேண்டுமென்றால் 100 ஹெர்ட்ஸைக் கூட்ட வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். நான் அதைக் குறைத்தே வைத்திருக்கிறேன். கிட்டாரின் தடித்த கம்பி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலித்தாலும் அதோடு சேர்ந்தெழும் இரண்டாம் ஹார்மோனிக் (இருமடங்கு அதிர்வெண்) அதே 82இல்தான் வந்து விழுகிறது. அந்த இடத்தைப் பேஸ் கிட்டாருக்கு விட்டுவிட்டு 400, 800 ஆகியவற்றைச் சற்றே ஏற்றினால், கிட்டார் தனியாகக் கேட்கும்போது மூக்கடைத்தது போலிருந்தாலும், குழுவோடு சேரும்போது சிம்பலின் இரைச்சலுக்கு அடியில் அழுத்தமாக நிற்கிறது.

அண்டை வீட்டாரை எண்ணி வீவக வீட்டில் (சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்பில்) தாழ்ந்த ஒலியில் செய்யும் அமைப்பு, குழுக்கள் ஒத்திகை பார்க்கும் ஜாமிங் ஸ்டூடியோவில் எடுபடாது. ஒலி தாழும்போது செவி அடி ஒலியையும் உச்ச ஒலியையும் குறைவாகவே உணர்கிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் வீட்டில் அவ்விரண்டையும் கூட்டி நடுப்பகுதியைக் குடைந்த ஒலி இனிக்கும், டிரம்ஸ் தொடங்கியதும் காணாமல் போகும்.

பெடலைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்தது டிஸ்டார்ஷன் கெயினை, அதாவது ஒலியை முறுக்கிக் கரகரப்பாக்கும் அளவை, குறைத்ததுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். கெயின் மிகுந்தால் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு குழம்பிவிடும் என்பதால் இரு சுரப் பவர் கார்டோடு நிறுத்திக்கொள்ள நேர்கிறது. கெயின் குறைந்தால், டி கம்பியை விரலால் அழுத்தாமல் திறந்தபடி ஒலிக்கவிட்டு மேற்கம்பிகளில் கார்டுகளை நகர்த்தலாம். சோலோவின்போதும் பின்னணி வெறுமையாவதில்லை. சோலோவுக்கு ஒலியளவு கூட வேண்டுமானால் ஈக்யூவை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் முறுக்கம்தான் கூடும்.

இங்குள்ள ஸ்டூடியோக்களில் அடிக்கடி காணப்படும் ரோலண்ட் ஜேசி-120, 1975இல் வெளிவந்த ஆம்ப். ஒரே ஒலியைப் பலவாகக் கேட்கச் செய்யும் கோரஸை இயக்கினால் அதன் ஒரு ஸ்பீக்கரிலிருந்து நேரடி ஒலியும் மற்றதிலிருந்து சுருதி சற்றே அசையும் ஒலியும் வந்து காற்றில்தான் கலக்கின்றன. ஆகவே சமூக மன்ற மேடையில் ஒரே மைக்கை ஒரு ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்தால், மேடையில் நமக்குக் கேட்கும் அகலம் அவையோருக்குப் போய்ச் சேராது. ஒலிப்பொறுப்பாளரிடம் இரண்டு மைக் கேட்பது நல்லது, பெரும்பாலும் கிடைக்காது.

குறைகளும் உண்டு. 3,200க்கு மேலுள்ள பட்டையை ஏற்றினால் என் பெடல் சீறுகிறது. பட்டைகளை ஏற்றி இறக்கும், பைக்குள் இடிபட்டு நழுவும் சிறு நெம்புகள் எங்கே இருந்தன என்று தெரிய, பக்கத்தில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருக்கிறேன். இரண்டு கிட்டாரோ கீபோர்டோ உள்ள குழுவுக்கு இதை வாங்கச் சொல்லமாட்டேன். அங்கே யார் எப்போது வாசிக்காமல் இருப்பது என்று பேசி முடிவுசெய்தாலே போதும்.