வேலூர் வெயிலுக்கு எந்தப் பம்ப்?

பழைய அம்பாசிடரில் டாங்க்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தர எஞ்சினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப் எளிமையானது. ஆனால் சித்திரை வெயிலில் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வண்டி முரண்டு பிடிக்கும். டாங்க் அருகே பொருத்தும் எலெக்ட்ரிக் பம்ப் அந்தத் தொல்லையைப் பெரிதும் குறைக்கும்.

தட்டும் வகை எலெக்ட்ரிக் பம்ப்பின் பழுதைக் காதே சொல்லிவிடும். சாவியைத் திருப்பியதும் 'டிக்டிக்' என்று வேகமாகத் தட்டி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் நிரம்பியதும் ஓய வேண்டும். ஓயாமல் தட்டினால் டாங்க் காலியாக இருக்கலாம், உறிஞ்சும் குழாயில் காற்று புகலாம், கார்புரேட்டரின் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழியலாம். சத்தமே இல்லையா? முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள். பம்ப்பைத் திட்டுவது பிறகு.

என் ஓட்டு எலெக்ட்ரிக்குக்கே. ஆனால் விபத்தில் எஞ்சின் நின்றாலும் அது பெட்ரோலைத் தள்ளக்கூடும்; தானே துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் மாட்டாதீர்கள்.